அப்பா பேரில் இருக்கும் ரெஸ்கோ சர்வீஸையும் பங்கையும் வாரிசு பேருக்கு மாற்றுவது: குப்பம் பக்கத்துக் குடும்பங்களுக்கு முழு வழிகாட்டி

ஆந்திரத்தின் குப்பம், குடுபள்ளி, சாந்திபுரம், ராமகுப்பம் ஆகிய நான்கு மண்டலங்களிலும் நம் வீட்டுக்கும் போருக்கும் (ஆழ்துளைக் கிணற்றுக்கும்) கரண்ட் கொடுப்பது கூட்டுறவுச் சங்கம், அதாவது எல்லோரும் ரெஸ்கோ என்று சொல்லும் சங்கம். மாநில மின்விநியோகக் கம்பெனியிடம் மொத்தமாக வாங்கி நமக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இது பலருக்குத் தெரியும். ஆனால் வீட்டுப் பெரியவர் தவறிய பிறகு அவர் பேரில் இருந்த சர்வீஸையும் (மின் இணைப்பையும்) சங்கப் பங்கையும் எப்படி மாற்றுவது என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் “பில் கட்டிக்கிட்டே இருக்கோமே, யார் பேர்ல இருந்தா என்ன” என்கிறார்கள்.

வித்தியாசம் இருக்கிறது. கூரையில் சோலார் போட பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் மானியம் (2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ என்றால் 78,000 ரூபாய்) கேட்கப் போனால், பில்லில் இருக்கும் பேரும் விண்ணப்பிப்பவர் பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். லோடு கூட்ட வேண்டும், மீட்டரை இடம் மாற்ற வேண்டும் என்றாலும் கையெழுத்து சர்வீஸ்காரருடையதாக இருக்க வேண்டும். இல்லாதவரிடம் கையெழுத்து வாங்க முடியாது. இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது ஓட்டு. சங்கத்தின் பொதுக்குழுவில் உங்கள் வீட்டுக்கு இருந்த ஒரு ஓட்டு, யாரும் கேட்காததால் சும்மா கிடக்கிறது.

கீழே எழுதியிருப்பது நடந்து பார்த்த வரிசை. வரிசையை மாற்றினால் ஒரே காகிதத்தை இரண்டு தடவை வாங்க வேண்டி வரும்.

1. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: மாற்ற வேண்டியது இரண்டு

சர்வீஸ் என்பது மீட்டருக்கும் அந்த இடத்துக்கும் உரியது. பில்லில் சர்வீஸ் நம்பரோடு வரும் பேர் அது. பங்கு என்பது ஆளுக்கு உரியது, சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் தனி நம்பரோடு இருக்கும். சர்வீஸ் பேரை மாற்றிவிட்டால் பங்கும் தானாக மாறிவிடும் என்று நினைப்பதுதான் இந்த வேலையில் முதல் தவறும் பெரிய தவறும்.

சர்வீஸ் மாற்றத்தை மின்சாரச் சட்டமும் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளும் ஆளுகின்றன. பங்கு மாற்றத்தைக் கூட்டுறவுச் சட்டமும் சங்கத்தின் பைலாவும், அதாவது சங்கம் தனக்கு எழுதிக்கொண்ட விதிகளும், ஆளுகின்றன. ஆக இரண்டு விண்ணப்பம், இரண்டு ரசீது. ஒரே நாளில் ஒரே கட்டடத்தில் கொடுத்தாலும் இரண்டாகத்தான் கொடுக்க வேண்டும்.

சர்வீஸ் இருப்பவர் எல்லோரும் உறுப்பினர் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா பேரில் மூன்று சர்வீஸ் இருந்திருக்கலாம், பங்கு ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம். போன உடனே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “இவர் உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறாரா, நம்பர் என்ன, நாமினி யார்?” பதிலைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

2. வீட்டில் தேடி எடுத்து வைக்க வேண்டியவை

பழைய பில் ஒன்று, புதிய பில் ஒன்று. இரண்டும் ஏன் என்றால், நடுவில் எப்போதாவது பேரின் எழுத்து மாறியிருக்கலாம், சர்வீஸ் நம்பரின் அமைப்பும் மாறியிருக்கலாம். முதல் கனெக்‌ஷன் வாங்கியபோது டெபாசிட் கட்டிய ரசீது கிடைத்தால் பொக்கிஷம். பங்குச் சான்று, அது இல்லையென்றால் பங்குத்தொகை கட்டிய ரசீது. பட்டாதார் பாஸ்புக், அதாவது நிலத்துக்கான புத்தகம். வீட்டு சர்வீஸ் என்றால் வீட்டு வரி ரசீது.

பெரும்பாலான வீடுகளில் இவை பீரோவில் இருக்காது, பழைய டிரங்குப் பெட்டியில் பத்திரங்களுக்கு நடுவே மடிந்து கிடக்கும். கிடைக்கவில்லை என்று அங்கேயே நின்றுவிட வேண்டாம். பங்குச் சான்று தொலைந்தாலும் பதிவேட்டில் பேர் இருந்தால் உறுப்பினர்தான். தொலைந்ததாக அஃபிடவிட் கொடுத்து நகல் கேட்கலாம்.

3. பேர் எழுத்தைச் சரிபார்ப்பது: இதை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள்

நம் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. நாம் அப்பா பேரின் முதல் எழுத்தை இனிஷியலாக வைக்கிறோம். தெலுங்கில் இன்டிபேரு, அதாவது குடும்பப் பேர், முன்னால் வரும். அந்தக் காலத்தில் சர்வீஸ் பதிவு செய்தவர், வாயால் சொன்னதைக் காதால் கேட்டுத் தெலுங்கில் எழுதியிருப்பார். அதனால் ஆதாரில் “எம். கோவிந்தன்” என்று இருப்பவர், மின் பில்லில் “கோவிந்தப்பா” என்றும், பாஸ்புக்கில் “முனிசாமி கோவிந்தய்யா” என்றும், ரேஷன் கார்டில் வெறும் “கோவிந்தா” என்றும் இருப்பார். வீட்டாருக்கு நாலும் ஒரே ஆள். காகிதத்தைப் பார்க்கிறவருக்கு நாலு ஆள்.

ஒரு தாளில் கோடு போட்டு எழுதுங்கள்: ஆதார், மின் பில், உறுப்பினர் பதிவேடு, பாஸ்புக், வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றிலும் பேர் எப்படி இருக்கிறது, தகப்பன் பேர் எப்படி இருக்கிறது என்று அப்படியே எழுத்து மாறாமல் குறியுங்கள். அரை மணி நேர வேலை. பிறகு வரும் எல்லாக் காகிதத்திலும் எந்தப் பேரை முதன்மையாகப் போடுவது என்று இப்போதே முடிவு செய்துவிடலாம். என் யோசனை, ஆதாரில் உள்ளதை முதன்மையாக வைத்து, மற்றவற்றை “என்கிற” என்று சேர்த்து எழுதுவது.

இந்தப் பேர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன்னால் ஒரு அஃபிடவிட் செய்துகொள்ளுங்கள். எல்லாப் பேரும் ஒரே அஃபிடவிட்டில் வர வேண்டும். ஒன்று விட்டுப்போனால், அந்த ஒன்றுக்காக இன்னொரு தடவை நோட்டரியிடம் போக வேண்டும், அதற்குத்தான் முதலில் அந்தத் தாள்.

4. இறப்புச் சான்று: தவறிய இடத்தில்தான் கிடைக்கும்

நம் பக்கத்தில் பெரிய சிகிச்சை என்றால் வேலூருக்கோ, கிருஷ்ணகிரிக்கோ, பெங்களூருக்கோ போகிறோம். அங்கே உயிர் போனால், இறப்பு பதிவாகும் இடமும் அதுதான். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி மரணம் நடந்த இடத்தின் பதிவாளர்தான் சான்று தர முடியும். உடலைக் குப்பத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்திருந்தாலும் இங்கே உள்ள பஞ்சாயத்துச் செயலரிடம் கேட்டுப் பயனில்லை. இதைத் தெரியாமல் இங்கே நடந்து நாட்களை வீணாக்கியவர்கள் உண்டு.

ஆஸ்பத்திரி என்றால் தகவலை அவர்களே பதிவாளருக்கு அனுப்புவார்கள். வீட்டில் தவறினால் 21 நாட்களுக்குள் நாம் சொல்ல வேண்டும். தாமதமானால் கட்டணத்தோடும் அனுமதியோடும் பதியலாம், ஒரு வருடம் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போகும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும்போது பதற்றத்தில் யாரோ ஒரு பேரைச் சொல்லியிருப்பார்கள், பெரும்பாலும் வீட்டில் கூப்பிடும் பேரை. அதே பேர் சான்றில் வந்து உட்கார்ந்துவிடும். டிஸ்சார்ஜ் காகிதம் வாங்கும்போதே ஆதாரைக் காட்டிப் பேரைத் திருத்தச் சொல்லுங்கள். சான்று வந்த பிறகு தெரிந்தால், அந்தப் பதிவாளரிடமே திருத்தம் கேட்கச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. எல்லை தாண்டி ஒரு நடை கூடுதலாகும், அவ்வளவுதான். ஆனால் தப்பான பேரோடு அடுத்த படிக்குப் போனால், அந்தத் தப்பு குடும்பச் சான்றிலும், நிலப் பதிவிலும், சர்வீஸிலும் வரிசையாக ஏறும்.

நகல் நிறைய வாங்கி வையுங்கள். ஒரிஜினலை எந்த மேஜையிலும் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள்.

5. குடும்ப உறுப்பினர் சான்றும் நிலப் பதிவும்

இறப்புச் சான்று கையில் வந்ததும் மீசேவா என்ற அரசுச் சேவை மையம் மூலமாகக் குடும்ப உறுப்பினர் சான்றுக்கு விண்ணப்பம். தாசில்தார் அலுவலகத்திலிருந்து விசாரணை வரும், பிறகு சான்று கிடைக்கும்.

இதில் கல்யாணமாகிப் போன சகோதரிகளின் பேரைக் கட்டாயம் சேருங்கள். “அவங்க வாணியம்பாடியில இருக்காங்க, இங்க எதுக்கு” என்று விட்டுவிடுகிறார்கள். ஆந்திரத்தில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை 1986-லேயே மாநிலத் திருத்தமாக வந்துவிட்டது, நாடு முழுதுக்கும் 2005-ல் வந்தது. பேரை மறைத்து வாங்கிய சான்றின் மேல் கட்டிய எதுவும் ஒரே ஒரு ஆட்சேபணை மனுவில் நின்றுபோகும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கூடப் பிறந்தவளை விட்டுவிட்டு எழுதும் குடும்பப் பட்டியல் சரியான பட்டியல் இல்லை.

போர் சர்வீஸ் என்றால் இதற்கு அடுத்தது நிலப் பதிவு. வாரிசு பேருக்கு மியூடேஷன் (நிலப் பதிவில் பேர் மாற்றம்) செய்து, 1-பி, அடங்கல் ஆகிய நிலப் பதிவேடுகள் இரண்டிலும் பேர் வந்ததா என்று அரசின் மீபூமி தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வீஸை முதலில் மாற்றிவிட்டு நிலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனால், “நிலம் யார் பேர்ல இருக்கு” என்ற கேள்வியோடு திரும்பி வருவீர்கள். போர் இருக்கும் சர்வே நம்பர் எது என்று கவனமாகப் பாருங்கள். பாகம் பிரித்தபோது போர் இருந்த துண்டு தம்பிக்கும் மோட்டார் ஷெட் இருந்த துண்டு அண்ணனுக்கும் போன குடும்பங்கள் இருக்கின்றன.

வீட்டு சர்வீஸுக்கு இவ்வளவு இல்லை. வீட்டு வரியை வாரிசு பேருக்கு மாற்றிய ரசீது இருந்தால் பெரும்பாலும் போதும்.

6. யார் பேருக்கு? ஆபீஸுக்குப் போகும் முன் வீட்டில் பேசி முடியுங்கள்

அம்மா இருந்தால், வீட்டு சர்வீஸும் பங்கும் அம்மா பேருக்கே போகட்டும் என்பது என் கருத்து. “அப்புறம் இன்னொரு தடவை மாத்தணுமே” என்பார்கள். மாற்றிக்கொள்ளலாம். அவர் இருக்கும்வரை வீட்டில் அவர் பேரில் ஒரு காகிதம் இருப்பதும், பொதுக்குழுவில் அவருக்கு ஒரு ஓட்டு இருப்பதும் பெரிய விஷயம்.

போர் சர்வீஸில்தான் சண்டை வரும். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே போர்தான் தண்ணீர் என்றால், மோட்டார் ஒன்று, சர்வீஸ் ஒன்று, பேரும் ஒன்றுதான் வரும். பேர் யாருக்குப் போகிறதோ, அவர் மற்றவருக்குத் தண்ணீர் முறை எத்தனை மணி, மோட்டார் ரிப்பேர் செலவில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். கரண்ட் வரும் நேரத்துக்குள் முறை பிரிப்பதால், “பாதிப் பாதி” என்று எழுதாமல் நாள் கணக்காக எழுதுங்கள்: இன்று முழுக்க இவர், நாளை முழுக்க அவர். நடுவில் கரண்ட் போனால் யாருக்கு நஷ்டம் என்ற வாக்குவாதம் அதில் குறையும்.

ஒருவர் தனியாகப் போர் போட்டுப் புது சர்வீஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றால் அது வேறு வேலை. 2002-ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டத்தின் கீழ் போருக்கே அனுமதி வேண்டும், அதற்குப் பிறகுதான் கனெக்‌ஷன்.

முடிவானதும் மற்ற வாரிசுகள் எல்லோரும் “இன்னார் பேருக்கு மாற்ற எங்களுக்கு ஆட்சேபணை இல்லை” என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சர்வீஸ் நம்பர், உறுப்பினர் நம்பர் இரண்டும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். பாதிப் பேர் சர்வீஸை மட்டும் எழுதி வாங்கிவிட்டு, பங்குக்காக மறுபடி ஓசூருக்கும் கே.ஜி.எஃப்.புக்கும் அலைகிறார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் ஊருக்கு வந்திருப்பார்கள், அப்போதே குப்பத்தில் ஆந்திர ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி எழுதி நோட்டரி செய்துவிடுவது நல்லது. துக்க வீட்டில் இதைப் பேசத் தயக்கமாக இருக்கும். ஆனால் அன்று கலைந்து போனவர்களை மறுபடி ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்ப்பது லேசான காரியம் இல்லை.

தமிழில் கையெழுத்துப் போடுகிறவர் தமிழிலேயே போடலாம். எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருந்தால் போதும். கைநாட்டு என்றால் இரண்டு சாட்சி வையுங்கள்.

7. பாக்கியைத் தீர்ப்பது

விண்ணப்பம் கொடுக்கும் நாளில் பில் பாக்கி பூஜ்யமாக இருக்க வேண்டும். இறந்தவர் வைத்த பாக்கி நமக்கு எதற்கு என்று வாதாடாதீர்கள். அந்த இடத்துக்கு முன்பு இருந்தவர் வைத்த பாக்கியைக் கட்டச் சொல்லி விதி இருந்தால் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது.

ஆனால் கேட்கும் தொகை எல்லாவற்றையும் அப்படியே கட்டவும் வேண்டாம். எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று கணக்குத் தாள் கேளுங்கள். மின்சாரச் சட்டம் 2003-ன் 56(2) பிரிவுப்படி, ஒரு தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கேட்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது பில்லில் தொடர்ந்து பாக்கியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். திடீரென்று பத்து வருடத்துக்கு முந்தைய தொகை ஒன்று எழுந்து வந்தால், இந்தப் பிரிவை எழுத்தில் குறிப்பிட்டு விளக்கம் கேளுங்கள். பழைய பில்கள் வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். பாக்கிக்காக லைன் கட் செய்வதானால் 15 நாள் எழுத்து நோட்டீஸ் வேண்டும் என்பதும் அதே 56-ஆம் பிரிவில்தான் இருக்கிறது.

8. லோடைச் சரிபார்ப்பது

பேர் மாற்றத்துக்கு வந்தால் லைன்மேனோ ஏ.இ.யோ (உதவிப் பொறியாளர்) இடத்தைப் பார்க்க வரலாம். அப்பா காலத்தில் 3 எச்.பி. மோட்டாருக்குக் கொடுத்த சர்வீஸ் அது. தண்ணீர் கீழே போகப் போக மோட்டார் பெரிதாகி, இப்போது 7.5 எச்.பி. ஓடிக்கொண்டிருக்கும். 1 எச்.பி. என்பது 0.746 கிலோவாட். அதாவது 2.24 கிலோவாட்டுக்குக் கொடுத்த இடத்தில் 5.6 கிலோவாட் இழுக்கிறோம்.

இதை மறைக்க வேண்டாம், நாமே முன்வந்து கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுவதுதான் முறை. சோதனையில் பிடிபட்டால் மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் போய் இரண்டு மடங்கு கட்டணம் என்ற கணக்கு வரும். பணத்தை விடுங்கள், நம் ட்ரான்ஸ்ஃபார்மரை நினையுங்கள். 25 கே.வி.ஏ. ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று 5 எச்.பி. மோட்டார் ஐந்தைத் தாங்கும், இழப்பையும் சேர்த்தால் அதற்கு மேல் சிரமம். பதிவில் எல்லாம் 3 எச்.பி. என்று இருந்தால், பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று யாரும் முடிவெடுக்க முடியாது. தக்காளி காய் பிடிக்கும் நேரத்தில் அது எரிந்தால் அந்த லைனில் இருக்கும் எல்லோருக்கும் நஷ்டம்.

விவசாய இலவச மின்சாரம் தொடர வேண்டுமென்றால் நல்ல கெபாசிட்டர், ஐ.எஸ்.ஐ. முத்திரை மோட்டார், உராய்வு குறைந்த ஃபுட் வால்வு, எச்.டி.பி.இ. அல்லது ஆர்.பி.வி.சி. பைப் என்று கட்டண உத்தரவுகளில் நிபந்தனைகள் வந்திருக்கின்றன. சப்மெர்சிபிள் மோட்டாருக்கு ஃபுட் வால்வு கிடையாது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கெபாசிட்டர்தான் முக்கால்வாசி இடங்களில் கழற்றிப் போடப்பட்டிருக்கும். ஆள் வருவதற்கு முன் மாட்டுங்கள், வந்து போன பிறகும் மாட்டியே வையுங்கள். வோல்டேஜ் தாழ்வதை அது குறைக்கும், பலன் நம் மோட்டாருக்குத்தான்.

9. முதல் விண்ணப்பம்: சர்வீஸ்

விண்ணப்பம் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். ஆபீஸில் தமிழில் பேசலாம், அதில் சிரமம் இருக்காது, ஆனால் ஃபைல் மேலே போகும்போது படிக்கிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. எழுதத் தெரியாதவர்கள் கிராம சச்சிவாலயத்தில் இருக்கும் எனர்ஜி அசிஸ்டெண்டிடம் ஒரு வார்த்தை கேட்டால் எந்தப் படிவம் என்றாவது சொல்லிவிடுவார்.

இணைக்க வேண்டியவை: இறப்புச் சான்று, குடும்பச் சான்று, நிலம் அல்லது வீட்டுக் காகிதம், ஆட்சேபணையில்லாக் கடிதம், பேர் அஃபிடவிட், கடைசி பில்லும் கட்டிய ரசீதும், உங்கள் ஆதார். பின்னால் வேறு வாரிசு உரிமை கேட்டு வந்தால் பொறுப்பு என்னுடையது என்று ஒரு இன்டெம்னிட்டி பாண்டும் வழக்கமாகக் கேட்பார்கள், அதன் வாசகத்தை ஆபீஸிலேயே வாங்கிக்கொண்டு போய் டைப் அடியுங்கள். ஸ்டாம்ப் வெண்டரிடம் இருக்கும் பொதுவான மாதிரியில் சர்வீஸ் நம்பருக்கு இடமே இருக்காது.

டெபாசிட்டை மறக்காதீர்கள். அப்பா கட்டிய செக்யூரிட்டி டெபாசிட்டை உங்கள் பேருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் புதிதாகக் கட்டச் சொல்லலாம், பழையது கணக்கில் அப்படியே கிடக்கும். இந்த டெபாசிட்டுக்கு வட்டி உண்டு, மின்சாரச் சட்டத்தின் 47(4) பிரிவு அதைச் சொல்கிறது.

எந்தக் காகிதம் கொடுத்தாலும் இன்னொரு பிரதியில் தேதியும் சீலும் வாங்குங்கள். வாங்க மாட்டேன் என்றால் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். சீல் இல்லாத விண்ணப்பம் கொடுக்காத விண்ணப்பம்தான், பின்னால் நாள் கணக்குக் காட்ட வேறு ஆதாரம் கிடையாது.

10. இரண்டாவது விண்ணப்பம்: பங்கு

அதே நாளில், அதே இணைப்புகளின் இன்னொரு நகலோடு, சங்கச் செயலருக்கு அல்லது நிர்வாக இயக்குநருக்குத் தனியாக எழுதுங்கள். “உறுப்பினர் நம்பர் இன்னது, இன்ன தேதியில் காலமானார், அவருடைய பங்கை என் பேருக்கு மாற்றி என்னை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும்.” இவ்வளவுதான் சாரம்.

நாமினி எழுதியிருந்தால் வேலை சுலபம். சங்கம் நாமினி பேருக்கு மாற்றும். அதற்காக நாமினி மட்டுமே சொத்துக்காரர் என்று ஆகாது, வாரிசுகளுக்குள் இருக்கும் உரிமை தனி. நாமினி இல்லையென்றால் குடும்பச் சான்றும் ஆட்சேபணையில்லாக் கடிதமும் அந்த இடத்தை நிரப்பும்.

இங்கே ஒரு குழியைச் சொல்லியாக வேண்டும். பங்குத்தொகை அந்தக் காலத்துத் தொகை, இன்றைக்கு மிகச் சிறியது. “வாங்கிக்கிட்டுப் போயிடலாம்” என்று ரீஃபண்ட் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டால் உறுப்பினர் நிலையும் அதோடு முடிந்தது. அப்புறம் வேண்டுமென்றால் புது உறுப்பினராக முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். படிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடும் முன், அது மாற்றமா, திருப்பிக் கொடுப்பதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டுதான், அதையும் நேரில் போய்த்தான் போட வேண்டும். ஆகவே அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தனித்தனி சர்வீஸ் இருந்தால் இருவரும் தனித்தனி உறுப்பினராகச் சேருவதுதான் நல்லது. பாக்கி வைத்திருப்பவருக்கும் சர்வீஸ் இல்லாதவருக்கும் என்ன கட்டுப்பாடு என்பது பைலாவில் இருக்கும். பைலாவையும் உறுப்பினர் பட்டியலையும் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு, சேர்ந்த அன்றே ஒரு பிரதி கேட்டு வையுங்கள்.

பங்கு மாற்றம் நிர்வாகக் குழுவின் தீர்மானத்தில் ஏற வேண்டும் என்பதால் சர்வீஸ் மாற்றத்தை விடத் தாமதமாகும். தேர்தலோ பொதுக்குழுவோ வரப்போகிறது என்று தெரிந்தால் அதற்கு வெகு முன்பாகவே கொடுங்கள், ஓட்டர் பட்டியல் போட்ட பிறகு கேட்டுப் பலனில்லை.

11. முடிந்ததா என்று பார்ப்பது

புதுப் பேரில் வரும் முதல் பில்லை வரி வரியாகப் படியுங்கள். பேரின் எழுத்து, சர்வீஸ் நம்பர், வகை, லோடு. விவசாய சர்வீஸ் தவறிப்போய் வேறு வகையில் ஏறியிருந்தால் அந்த மாதமே சொல்ல வேண்டும், விட்டால் தொகை சேர்ந்துகொண்டே போகும். டெபாசிட் உங்கள் கணக்கில் காட்டுகிறதா என்று ஆபீஸில் கேளுங்கள். செல்போன் நம்பரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மெசேஜ் எல்லாம் அப்பாவின் பழைய நம்பருக்கே போய்க்கொண்டிருக்கும்.

பங்கு விஷயத்தில் தீர்மான நம்பரும் தேதியும் வாங்குங்கள், புதுச் சான்று வாங்குங்கள். அதே மேஜையில் உங்கள் நாமினி யார் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். மேலே சொன்ன அலைச்சலில் பாதி உங்கள் பிள்ளைகளுக்கு அதிலேயே மிச்சம்.

சோலார் யோசனை இருந்தால் இந்த முதல் பில் வந்த பிறகு விண்ணப்பியுங்கள். வங்கிக் கணக்குப் பேரும் பில் பேரும் ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

12. எங்கேயாவது நின்றுபோனால்

முதலில் எழுத்தில் கேளுங்கள்: என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் காகிதம் குறைவு? வாய்மொழிப் பதிலை வைத்துக்கொண்டு மேலே போக முடியாது.

அதற்கும் பதில் இல்லையென்றால், எந்தப் பாதி நின்றது என்று பிரியுங்கள். பேர், பில், டெபாசிட், லோடு இவை மின்சாரம் சம்பந்தப்பட்டவை. மின்சாரச் சட்டத்தின் 42(5) பிரிவு நுகர்வோர் குறைதீர் மன்றத்தையும், அங்கே திருப்தி இல்லையென்றால் 42(6) பிரிவு மின்குறைதீர்ப்பாளரையும் வைத்திருக்கிறது. இதற்கு வக்கீல் தேவையில்லை, சீல் போட்ட பிரதிகளும் ஒரு பக்கக் கடிதமும் போதும். பங்கு, ஓட்டர் பட்டியல், பொதுக்குழு இவை கூட்டுறவுத் துறையின் வேலை, மாவட்டக் கூட்டுறவு அதிகாரி வழியாகக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளருக்குப் போகும். ஓட்டர் பட்டியலில் பேர் இல்லை என்று மின்குறைதீர் மன்றத்துக்கு எழுதினால் அது எங்கள் வேலை இல்லை என்றுதான் பதில் வரும், மாதங்கள் போகும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கூட்டுறவுச் சங்கம் என்பதாலேயே ஒரு சங்கம் அந்தச் சட்டத்தின் கீழ் வந்துவிடாது என்று 2013-ல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவாளர் அலுவலகம் அரசு அலுவலகம், சட்டப்படி அது சங்கத்திடம் கேட்டுப் பெறக்கூடிய தகவலை அங்கே மனு போட்டுக் கேட்கலாம். ஆனால் நீங்கள் உறுப்பினராகிவிட்டால் அதற்கும் முன்னால் வேறு வழி இருக்கிறது: பதிவேட்டைக் காட்டுங்கள் என்று சங்கத்தில் நேராகவே கேட்கலாம், காட்டவில்லை என்றால் அதையே பொதுக்குழுவில் எழுந்து நின்று கேட்கலாம்.